உங்கள் கிராணி இப்போது என் வீட்டில், மச்சான்

மச்சான்,

இன்று காலை உங்கள் மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். முன்கூடையின் கம்பி இடுக்குகளில் பூனை முடி அப்படி அப்பிக் கிடக்கிறது. மஞ்சளும் வெள்ளையுமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிப் போயிருக்கிறது. பழைய பல்துலக்கியை வைத்துத் தேய்த்தேன். சோப்புத் தண்ணீர் விட்டேன். பாதிதான் வந்தது. உங்கள் மூச்சு நின்று மூன்று மாதம் ஆகிறது, இன்னமும் நீங்கள் போட்ட குப்பையை நான்தான் அள்ளிக்கொண்டிருக்கிறேன்.

கூடையின் அடியில் ஓர் உரச் சாக்கும் மடித்து வைத்திருந்தது. அதை உருவி எடுத்து, அலசிக் கொடியில் வீசிப் போட்டேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

போனவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று சாந்தி சொல்கிறாள். உங்கள் தங்கை அல்லவா, சொல்வாள். உங்கள் கருமாதியன்று எல்லோரும் நல்லதைத்தான் பேசினார்கள். எவ்வளவு கலகலப்பான மனுஷன், டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தாலே செம்பனைத் தோட்டம் முழுக்கச் சிரிப்புதான், பிள்ளைகள் என்றால் உயிர் என்றார்கள். பிறகு யாரோ ஒருவர் அந்தச் சாக்குக் கதையை எடுத்தார். என் மகள் யாழினி சாக்குக்குள் ஏறி உட்கார்ந்த கதை. நீங்கள் கல்யாண வீடு, திருவிழா, பிறந்தநாள் என்று ஓர் இடம் விடாமல் சொல்லிச் சொல்லித் தேய்த்த கதை. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. யாழினி அப்போது பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரித்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் கதையை இன்று உங்களுக்கே நான் திருப்பிச் சொல்லப் போகிறேன். சிரிப்பை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருக்கிறது, ஒளிப்பானேன்?

யாழினிக்குக் காது குத்தியது ஞாபகம் இருக்கிறதா? சுவா ஊருக்கு உள்ளே, நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபம். அவளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், உட்கார வைத்தீர்கள். சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, தோடு, வளையல். எல்லாம் முறையாகத்தான் செய்தீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசித் தட்டுக்கு மேல் ஒரு பூத்துண்டு போர்த்தியிருந்தது. நீங்கள் அதை விலக்கினீர்கள். உள்ளே கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு ஒரு மஞ்சள் பூனைக்குட்டி. மண்டபமே கைதட்டியது. யாழினி காது வலியை மறந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

சாந்தி அப்போது ஆறு மாதம். என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நான் என்ன செய்ய முடியும்? தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்புவது உறவையே அறுத்துவிடுவது மாதிரி. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தட்டில் வைத்தீர்கள். உங்கள் வீட்டுப் பூனை கிராணி மறுபடியும் குட்டி போட்டிருந்தது. மற்ற குட்டிகளை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளிவிட்டீர்கள், இது ஒன்று மட்டும் போகவில்லை. கேட்டால் யாரும் வேண்டாம் என்பார்கள், சீரில் வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தால் உங்கள் மீசை இறங்கிப் போயிருக்குமா?

பேரும் நீங்களே வைத்தீர்கள். “வேல செய்யாம உக்காந்து சாப்புடுவாரு, அதான் இவரு பேரு தொர.” தாய்ப்பூனைக்குக் கிராணி என்று பேர், தோட்டத்துக் கணக்கர்போல மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் கணக்கெடுக்கிற மாதிரிப் பார்க்குமாம். உங்கள் நகைச்சுவைக்குக் குறைச்சல் இருந்ததே இல்லை.

அதுவரை நான் பூனை வளர்த்தவன் இல்லை. வந்தபிறகு அதுவும் ஓர் உயிர்தானே என்று லோபாக்கில் இருக்கிற மிருக கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பூனை சாப்பிடும்போது பிள்ளை பக்கத்தில் போகக் கூடாது. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூனைக்கு ஓர் இடம் வேண்டும், தொல்லை தாங்கவில்லை என்றால் அது ஏறிப் படுத்துக்கொள்ளும். பூச்சி மருந்து தவறாமல் கொடுக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி, பூனை கழிக்கிற மண் தட்டைச் சுத்தம் செய்யக் கூடாது. பிள்ளை பிறந்ததும் அது தூங்குகிற அறைக்குப் பூனை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட வேண்டும்.

நான் எல்லாவற்றையும் செய்தேன். அலமாரிக்கு மேல் ஒரு பலகை அடித்தேன். மண் தட்டை நானே அள்ளினேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தோட்டம் முழுக்கச் சொன்னீர்களே, “எங்க மாப்ள இப்ப பூன பீ அள்றாருலா!” என்று. பரவாயில்லை, அள்ளினேன். ஆபரேஷன் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா மாப்ள? பாவம்லா, அதோட சந்ததிய அறுக்கறதா?” என்றீர்கள். கருத்தடை உங்களுக்குப் பாவம். குட்டிகளை அட்டைப் பெட்டியில் போட்டுப் பாசார் மீன்கடைப் பக்கம் விட்டுவிட்டு வருவது மட்டும் புண்ணியம்.

யாழினி ஆச்சரியமான பிள்ளை. மூன்று வயதில் என்ன புரியும் என்று நினைத்தேன், ஒரு வாரத்தில் புரிந்துகொண்டாள். முதுகை மட்டும் தடவ வேண்டும், வயிற்றைத் தொடக் கூடாது. “வாலு ஆடுனா கைய எடுத்துரணும்பா, அதுக்குக் கோவம் வருது” என்று எனக்கே பாடம் எடுப்பாள். துரையும் அவளுக்கு அடங்கி நடந்தது. அவள் உட்கார்ந்தால் அதுவும் பக்கத்தில் வந்து உட்காரும். இரண்டு பேரும் சேர்ந்து வாசல் படியில் லோரி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் கட்டியதை எல்லாம் நீங்கள் வந்து வந்து அவிழ்த்தீர்கள். அது சாப்பிடும்போது நெத்திலியைப் பிடுங்கி, அது சீறுவதைக் காட்டி, யாழினியைச் சிரிக்க வைக்கப் பார்ப்பீர்கள். அவள் சிரிக்கமாட்டாள். “மாமா, அது சாப்புடுது” என்பாள். கவின் பிறந்தபிறகு உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங் கைலியில் தொட்டில் கட்டினோம். அவனைக் குளிப்பாட்டத் தூக்கிப் போன நேரத்தில் தொட்டில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. வெறுந்தொட்டில் ஆடக் கூடாது என்று சாந்தி அங்கிருந்தே கத்தினாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? துரையைத் தூக்கித் தொட்டிலில் போட்டீர்கள். “வெறுந்தொட்டில்தான ஆடக் கூடாது? இப்ப ஆள் இருக்கு, ஆட்டலாம்லா” என்று சொல்லி ஆட்டினீர்கள். கைபேசியில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினீர்கள். ‘தொரை தூங்குகிறார்’ என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

ஒருமுறை என்றால் விட்டிருப்பேன். வருகிறபோதெல்லாம் அதே விளையாட்டு. பூனைக்கு என்ன தெரியும்? மெத்தென்று துணி, பால் வாசனை, சுகமான ஆட்டம். அதற்கு அது தன் இடம் என்று ஆகிவிட்டது. அறைக் கதவு திறந்தால் முதலில் தொட்டிலைத்தான் பார்க்கும். “மச்சான், வேணாம், பழகிரும். புள்ள உள்ள இருக்கறப்ப குதிச்சிரும்” என்று நான் சொன்னேன். சாந்தியும் அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தாள். நீங்கள் கேட்கவில்லை. “சும்மா இருங்கலா ரெண்டு பேரும். எங்க லயத்து வீட்டுல நாயி, பூன, கோழி எல்லாத்தோடயும்தான் நாங்க வளந்தோம். ஒண்ணும் ஆவல” என்றீர்கள்.

ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கவின் தொட்டிலில் தூங்குகிறான். நீங்கள் வந்து அவனைப் பார்த்துவிட்டு, கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் பின்வாசலில் சிகரெட் பிடிக்கப் போய்விட்டீர்கள். துரை போய்க் குதித்தது. யாழினி அந்த அறையில் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பூனை தம்பி முகத்தில் படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டும் என்று அவள் அம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். ஓடிப்போய்த் தொட்டிலுக்கு வெளியே தொங்கிய வாலைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு எட்டியது அதுதான். பூனை திரும்பி அறைந்தது. இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துக் கன்னம் வரைக்கும் ஒரே கீறல்.

நான் உள்ளே போனபோது சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அவள் அழக்கூட இல்லை. “தம்பிக்கு ஒண்ணும் இல்லப்பா” என்றாள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன், கிளினிக்குக்குக் கொண்டு போனேன். இன்னும் கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். தம்பியைக் காப்பாற்றிய பிள்ளையை நீங்கள் தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும், மச்சான்.

நாங்கள் திரும்பி வந்தபோது நீங்கள் சாக்கோடு நின்றுகொண்டிருந்தீர்கள். “புள்ளய கீறுன பூன வூட்ல இருக்கக் கூடாது மாப்ள.” தொட்டிலில் தூக்கிப் போட்டுப் பழக்கிய அதே கை, துரையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது. யாழினி கன்னத்தில் பிளாஸ்திரியோடு உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். “மாமா, நான்தான் வால இழுத்தேன். தொர மேல தப்பு இல்ல. நான்தான் மாமா.” நீங்கள் அவளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் மோட்டாருக்கு முன்னால் வந்து நின்றேன். “தாய்மாமன் குடுத்த சீரு. எடுக்கறதுக்கும் எனக்குத்தான் உரிம. நீங்க தள்ளுங்க மாப்ள” என்றீர்கள். சாந்தியும் “விடுங்க, போய்த் தொலையட்டும்” என்றாள். மகள் முகத்தில் ரத்தம் பார்த்த தாய் அவள், அவளை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் வேறு.

சாக்கின் வாயைக் கட்டி முன்கூடையில் வைத்தீர்கள். சாக்கு உருண்டது, கத்தியது. கோயில் முனையில் மோட்டாரை மூன்று சுற்றுச் சுற்றினீர்கள், பூனைக்குத் திசை தெரியக் கூடாதாம். ஆறு தாண்டிவிட்டால் திரும்பாதாம். லிங்கி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏதோ கம்போங் கிராமத்து ஓரமாக விட்டுவிட்டு, வருகிற வழியில் எங்களுக்கு நாசி லெமாக் சோறு வாங்கி வந்தீர்கள். யாழினி வாசல் கேட்டில் நின்று அந்த மூன்று சுற்றையும் பார்த்தாள்.

அதோடு நீங்கள் விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. உங்களுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்துவிட்டது. அவள் சோறு சாப்பிடவில்லையா, “சாக்க எடுத்துட்டு வரட்டா?” தூங்கவில்லையா, “தொர போன எடத்துக்குப் போறியா?” ஊரில் எல்லா மாமன்களும்தான் பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பூச்சாண்டியை எந்தப் பிள்ளையும் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் மறந்துவிடுகிறது. இவள் சாக்கைப் பார்த்திருக்கிறாள். அதற்குள் இருந்து வந்த சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். உங்கள் மோட்டார் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ராத்திரியில் படுக்கை நனைய ஆரம்பித்தது. கடை வாசலில் உங்களைத் தனியாக நிறுத்தி வைத்துச் சொன்னேன். “பொம்பளப் புள்ள கொஞ்சம் பயந்துதான் வளரணும்லா” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஆற்றினீர்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன்.

கவின் தவழ ஆரம்பித்திருந்தான். யாழினியின் பொம்மையைப் பிடுங்கினான். அவள் திருப்பி இழுத்தபோது அவள் நகம் பட்டு அவன் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. ரத்தம்கூட இல்லை. அவன் கத்தினான். அந்த நேரம் பார்த்து உங்கள் மோட்டார் வருகிற சத்தம். சாந்தி கவினைத் தூக்கிச் சமாதானம் பண்ணிவிட்டுத் திரும்பினாள், யாழினியைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் இல்லை. கக்கூஸில் இல்லை. லயத்தில் ஒவ்வொரு வீடாகக் கேட்டோம். வீட்டுக்குப் பின்னால் செம்பனை மரங்கள், அவற்றை ஒட்டிப் பெரிய கால்வாய். கால்வாயில் இறங்கி நான் தண்ணீரைக் கையால் துழாவிக்கொண்டிருந்தேன், மச்சான். சேற்றில் எது தட்டுப்பட்டாலும் அது அவள் இல்லை என்று வேண்டிக்கொண்டே துழாவினேன்.

நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அடுத்த லயத்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், உரச் சாக்குகள் அடுக்கிய இடத்தில். ஒரு சாக்குக்குள் இறங்கிக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரச் சூட்டில் முகம் வெந்து சிவந்து, முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. கையில் துரையின் சாப்பாட்டுத் தட்டு. நான் சேறோடு ஓடி வந்து நின்றபோது அவள் என்னிடம் பேசவில்லை, உங்களிடம்தான் பேசினாள். “நானும் தம்பிய கீறிட்டேன் மாமா. என்னையும் ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுருங்க. தொர அங்க தனியா இருக்கும், நான் சோறு வெச்சிக்கறேன்.”

நீங்கள் சிரித்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். “கேட்டிங்களா மாப்ள, ஒங்க மவ பேச்ச!”

நான் அவளைச் சாக்கோடு தூக்கினேன். தப்புப் பண்ணினால் யாரையும் தூக்கிப் போடமாட்டோம், இது உன் வீடு, நீ எங்கள் பிள்ளை என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். “அப்ப ஏன்பா தொரய போட்டாங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதையை முதல் தடவையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தீர்கள்.

பிறகு எத்தனை தடவை! கேட்கிறவர்கள் சலித்தாலும் உங்களுக்குச் சலிக்கவில்லை. அவள் குரலை இமிட்டேட் பண்ணிச் சொல்வீர்கள். அவள் வளர்ந்து, அதே சபையில் நின்றுகொண்டிருந்தாலும் சொல்வீர்கள். நான் எழுந்து வெளியே போவேன். “மாப்ளைக்கு இன்னும் கோவம்” என்று அதற்கும் ஒரு சிரிப்பு வாங்குவீர்கள். உங்களோடு பேசுவதை நான் நிறுத்தியதும் உங்களுக்குக் கதையின் இன்னொரு வாலாக ஆகிப்போனது.

நீங்கள் போனபிறகு உங்கள் மனைவி, எங்கள் அக்கா, நீலாயில் இருக்கிற மகளின் பிளாட்டுக்குப் போவது என்று முடிவானபோது, மோட்டாரை என்னிடம் கொடுத்தார். “ஓட்ட ஆளில்ல தம்பி, துருப்புடிச்சிரும்.” கிராணியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பிளாட்டில் பூனை வைக்க விடமாட்டார்களாம். வயதான பூனை, யார் எடுப்பார்கள்? உங்கள் பங்காளி ஒருவர் உங்களைப் போலவே வாயைத் திறந்தார். “சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட வுட்டாப் போச்சு.” யாழினி சாமான் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சாக்குக்குள் இருந்து பார்த்த அதே பார்வை.

துணிக்கூடை இரண்டை வாயோடு வாய் சேர்த்துக் கட்டி, உள்ளே அக்காவின் பழைய கைலியைப் போட்டு, அதில்தான் கிராணியைக் கொண்டு வந்தேன். யாழினி பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க அதோடு பேசிக்கொண்டே வந்தாள்.

புறப்படும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். துரையை விட்டுவிட்டு வந்த மறுநாளே நீங்கள் பாலம் தாண்டிப் போனீர்களாம். அதற்கு அப்புறமும் போனீர்களாம். வேலை முடிந்து, நெத்திலிப் பொட்டலத்தோடு போய், அந்தக் கம்போங் ஓரத்தில் நின்று தொர, தொர என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவீர்களாம். கிடைக்கவில்லையாம். யாரிடமும் சொல்லாதே என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினீர்களாம். “மானம் போயிரும்னு நெனச்சாரு தம்பி” என்று சொல்லி அழுதார்.

இதைக் கேட்டதும் நான் இளகிப் போவேன் என்று அக்கா நினைத்தார். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் கூடியது. தேடினீர்கள், சரி. தப்பு என்று உங்களுக்கே உறைத்திருக்கிறது. அதைப் போய் அந்தப் பிள்ளையிடம் சொன்னீர்களா? கட்டிலுக்கு அடியில் கிடந்தவளிடம் குனிந்து, “பாப்பா, மாமா தப்பு பண்ணிட்டேன், தொரய தேடிட்டுதான் இருக்கேன்” என்று ஒரு வார்த்தை. அவள் சாக்குக்குள் போயே இருக்கமாட்டாளே. சிரிக்க வைக்கிற கதையை ஊர் முழுக்கச் சொன்னீர்கள், அவளுக்குத் தேவைப்பட்ட கதையைச் சத்தியம் வாங்கிப் பூட்டி வைத்தீர்கள்.

வந்த வாரமே கிராணியை லோபாக்குக்குக் கொண்டு போய் ஆபரேஷன் செய்துவிட்டேன். நீங்கள் பாவம் என்றீர்களே, அதே ஆபரேஷன். எத்தனை ஈற்று ஈன்றிருக்கும் என்று டாக்டர் கேட்டார். அக்காவுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? எலும்பும் தோலுமாக இருக்கிறது. பின் அறையைக் கொஞ்ச நாளைக்கு அதற்கென்று விட்டிருக்கிறோம். பழைய பலகையை மறுபடியும் அடித்திருக்கிறேன். யாழினி தம்பிக்குச் சட்டம் போட்டிருக்கிறாள். சாப்பிடும்போது தொடாதே, தூங்கும்போது எழுப்பாதே, வால் ஆடினால் கையை எடு.

கவினுக்கு ஆறு வயது. இன்று மத்தியானம் கிராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறான். கிராணி ஓர் அறை வைத்தது. புறங்கையில் இரண்டு கோடு. அவன் போட்ட சத்தத்தில் சாந்தி ஓடி வந்தாள், நான் ஓடி வந்தேன். கிராணி அலமாரிக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

யாழினி வாசலில் நின்றாள். வெளியே கொடியில் உங்கள் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது, காலையில் நான்தான் அலசிப் போட்டிருந்தேன். அவள் சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கன்னத்தில் அந்தப் பழைய கோடு வெளுத்துத் தெரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கவினைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினேன். சாயங்காலம் கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று சாந்தியிடம் சொன்னேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கொடியில் இருந்து சாக்கை இழுத்து, தையல் தையலாகப் பிரித்து வெட்டி, கிராணியின் மண் தட்டுக்கு அடியில் விரித்தேன். இனிமேல் உங்கள் சாக்கு அதன் மூத்திரத்தைத் தாங்கட்டும்.

சாந்தி அலமாரிக்கு மேல் கொஞ்சம் சோறு வைத்தாள்.

“கிராணி எங்கயும் போவாது. நீதான் அது சாப்புடறப்ப தொட்ட” என்று யாழினி தம்பியிடம் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்த மாதிரியே கேட்டாள், “அப்ப தொர மட்டும் ஏன்பா?”

நான் சொல்லிவிட்டேன், மச்சான். நீங்கள் பாலம் தாண்டிப் போனதை, நெத்திலி கொண்டு போனதை, கூப்பிட்டுப் பார்த்ததை. உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

“மாமா தேடுனாரா?” என்று கேட்டாள். தேடினார் என்றேன். அவள் அழுதாள். சாக்குக்குள் இருந்தபோது அழாதவள், கன்னம் கிழிந்தபோது அழாதவள், உங்கள் கருமாதியில் அத்தனை பேர் சிரித்தபோதும் அழாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்ததும் கேட்டாள்:

“அப்புறம் ஏன்பா என்கிட்ட சொல்லல?”

உங்கள் பதிலை நான் ஏன் சொல்ல வேண்டும்? கேள்வியை மட்டும் இதில் எழுதி வைக்கிறேன்.

உங்கள் பூனைக்கு நான் சோறு வைப்பேன், மருந்து கொடுப்பேன், தட்டை அள்ளுவேன், அது சாகும்வரை இங்கேதான் இருக்கும். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.